அம்மாகிட்ட சொல்லிட்டேன்

செஞ்சி, 1968

தம்பி,

உன் ரெண்டு கடுதாசியும் ஒரே நாள்ல வந்து சேந்துது. ஒண்ணு வீட்டு விலாசத்துக்கு, இன்னொண்ணு மண்டி விலாசத்துக்கு. வீட்டுக்கு வந்ததுல மழை, குளிரு, ஆஸ்பத்திரியில வேலை ஜாஸ்தி, அம்மா உடம்பப் பாத்துக்கணும், அவ்ளோதான். விஷயம் எல்லாம் மண்டிக்கு வந்ததுல. இங்கிலாந்துல அந்த ஊர்லயே வீடு பாத்து வெச்சிருக்கேன், வாங்கப் போறேன், திரும்பி வந்து நம்ம ஊர்ல டாக்டர் வேலை பாக்கற எண்ணம் இனிமே இல்ல, அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நைனா நீங்களே சமயம் பாத்து பக்குவமா சொல்லிடுங்கன்னு எழுதியிருந்த. மல்லாட்டை மூட்டை மேல உக்காந்து மூணு தடவ படிச்சேன். படிச்சிட்டு சட்டை ஜோபியில வெச்சிக்கினு பதினோரு நாள் அலைஞ்சேன். பக்குவமாம், பக்குவம்! நாப்பது வருஷமா மல்லாட்டைய ஒடச்சுக் கடலை யாவாரம் பண்ற அப்பன்கிட்ட நீ கேக்கற பொருளப் பாரு.

சரி, சொல்லிட்டேன். போன அமாவாசைக்கு மண்டி லீவு. அன்னிக்கு மத்தியானம் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ இன்னா சொன்னாங்கறத உனக்குத் தெரிவிக்கத்தான் இந்தக் கடுதாசி. ஆனா அத்த மொதல்லயே எழுதினா உனக்கு வெளங்காது. நடுவுல நான் பண்ண காரியம் ஒண்ணு இருக்குது, அது உனக்குத் தெரியாது. நீ அங்க உக்காந்துக்கினு, அம்மாவ நான்தான் ஏமாத்துறேன்னு மனசுல வெச்சிக்கினு இருப்ப. அதுல உன் பங்கு கொஞ்சம்தான், மீதி என்னுது. பொறுமையா படி. பெரிய டாக்டருக்கு நேரம் இல்லன்னா ரெண்டு வேளையா படி.

போன வருஷம் ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு அனுப்புறேன்னு நீ எழுதுனப்ப அம்மா ஒரே பேச்சா வேணாம்னுட்டா. ஏரோப்ளேனுக்கு பயந்துக்கினுதான் வரலன்னு உனக்கு எழுதுனேன். பயமும் இல்ல ஒண்ணும் இல்ல. 'மேல்படிப்புக்கு ரெண்டு வருஷம்னு போனவன், அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. இன்னிக்கோ நாளைக்கோ அவனே வரப்போறான். அதுக்குள்ள நான் எதுக்கு அங்க போய் நிக்கணும்? நீங்க போங்க, பாருங்க, கையோட இட்டுக்கினு வாங்க'ன்னா. அவ என்ன அனுப்புனது ஊர் சுத்திப் பாக்கறதுக்கு இல்ல, உன்ன இட்டுக்கினு வர்றதுக்கு. பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டும்போதுகூட நாலு மாசத்துக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் கட்டுனா. அதுக்கு மேல எதுக்கு, அப்புறம் அவன் இங்க சாப்புடப் போறான்னு சொல்லிட்டா.

பொறப்படறதுக்குள்ள நான் பட்ட பாடு உனக்கு முழுசா தெரியாது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு ஒரு மாசம் கழிச்சு ஒரு போலீஸ்காரரு விசாரணைக்கு மண்டிக்கே வந்துட்டாரு. மூட்டைங்களுக்கு நடுவுல நின்னுக்கினு என் பேரு, எங்கப்பா பேரு, இதுக்கு முன்னால ஊர விட்டு எங்கெங்க போயிருக்கேன், எல்லாம் கேட்டு எழுதிக்கினாரு. திண்டிவனம், மெட்ராஸு, திருப்பதின்னேன். அவரு அந்தாண்ட போனதும் பாதி பஜாரு என் வாசல்ல நிக்குது. 'இன்னா கேசு? பதுக்கலா?'ன்னு எதிர்க்கடைக்காரரு கேக்கறாரு, மொகத்துல அவ்ளோ சந்தோஷம். ஃபோட்டோ எடுக்கப் போனா, சீமைக்குப் போறவரு டை இல்லாம எப்படின்னு ஸ்டூடியோக்காரன் ஆணியில தொங்குன டைய எடுத்து என் கழுத்துல மாட்டிட்டான். அது எத்தினி மாப்பிள்ளைங்க கழுத்துல ஏறி எறங்குனதோ. அம்மை ஊசி ஒரு கையில, காலரா ஊசி இன்னொரு கையில, ரெண்டும் வீங்கி நாலு நாள் அம்மாதான் சோறு ஊட்டிவிட்டா. கோட்டு கதை அதுக்கு மேல. நம்ம டெய்லரு ஆயுசுல தைச்ச கோட்டெல்லாம் கல்யாண மாப்பிள்ளைக்குத்தான். எனக்கு அம்பத்தெட்டு வயசு ஆவுதுப்பான்னு அளவெடுக்கும்போதே சொன்னேன், காதுல வாங்குனாத்தானே! பளபளன்னு துணி, ரோஜாப்பூ சொருவறதுக்கு ஒரு ஓட்டை. லண்டன்ல ஏரோப்ளேன விட்டு எறங்கி நான் வர்றப்ப நீ சிரிப்ப அடக்கிக்கினு அந்தப் பக்கம் திரும்புன பாரு, அத்த நான் கவனிச்சேன். இனிமே யாரையாவது அங்க கூப்புட்டா, கோட்ட நீ அங்கியே வாங்கி வெச்சிடு, ஊர்ல தைக்கச் சொல்லாத.

சீமைன்னா எல்லா எடமும் லண்டன் மாதிரி புகையும் கட்டடமுமாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கினு வந்தேன். நீ இருக்கற டெவன் பக்கம் ரயிலு திரும்புனதும் ஜன்னல்ல பாக்கறேன், உழுது போட்ட நிலம் செக்கச்செவேல்னு கெடக்குது. சிங்கவரம் ரோட்டுல நம்ம ஆளுங்க மல்லாட்டை போடற கொல்லைங்க இருக்குதே, அதே செவப்பு. இங்க மல்லாட்டை வருமான்னு உன்னக் கேட்டேன். 'வராது நைனா, குளிரு தாங்காது, புல்லும் உருளைக்கெழங்கும்தான்'ன்னு சொன்ன. மண்ணு ஒண்ணா இருந்தா மட்டும் போதாது போலன்னு நெனச்சிக்கினேன். அப்பவே உன்ன இட்டுக்கினு போற பேச்ச எடுத்திருக்கணும். பிரயாணக் களைப்பு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். அந்த நாளைக்கு நாலு மாசம் ஓடிடுச்சு.

ஏன் ஓடுச்சுன்னு இப்ப சொல்றேன், இத்த உன்கிட்டயே நான் சொன்னதில்ல. அங்க நான் சந்தோஷமா இருந்தேன். காலையில நீ ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான் நடக்கக் கெளம்பிடுவேன். வேட்டி, மேல மழைக்கோட்டு, காலுல நீ வாங்கிக் குடுத்த ரப்பர் பூட்ஸு. ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு வேலி, நடுவுல ஒத்த வண்டி போற சந்து. நம்ம ஊரு மாதிரி வெட்டிப் போட்ட முள்ளு இல்ல, வேலியே உசுரோட வளருது, பூக்குது. அடுத்தவன் நிலத்துக்கு நடுவுல பாதை போவுது. வேலியில ஏறி எறங்க பலகையும் அவனே அடிச்சு வெச்சிருக்கான், உள்ள போறவன ஒரு கேள்வி கேக்கறதில்ல. இங்க நான் வீட்டுலேர்ந்து பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்றதுக்குள்ள இன்னா, எங்க தூரமான்னு பத்து பேரு கேட்டுடுவாங்க, பத்து பேருக்கும் பதில் சொல்லியாவணும். அங்க நான் எங்கியுமே போவாம சும்மா நடந்தேன். நாப்பது வருஷமா வீட்டுக்கும் மண்டிக்கும் நடந்தவனுக்கு அது எப்படி இருந்துதுன்னு எழுதத் தெரியல.

ஜூன் மாசத்துல மணி ஒம்பது ஆவுது, வெயிலு அடிச்சிக்கினே இருக்குது! இங்க அது நான் மண்டியப் பூட்டுற நேரம்டா. சூரியன் எறங்குற வரைக்கும் வாசப்படியில உக்காந்து ஊர்லேர்ந்து கொண்டாந்த மல்லாட்டையக் கொறிச்சிக்கினே இருப்பேன். புல்லு அறுத்துக் காயப் போட்டப்ப கீழண்டப் பண்ணைக்காரரு என் கையில ஒரு கவைக்கோலக் குடுத்தாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு நானும் ரெண்டு நாள் புல்லு பொரட்டுனேன். மூணாவது நாள் அவரு வண்டியில ஏத்தலாமான்னு பாக்கறாரு. நான் ஒரு கத்தைய எடுத்து மோந்து பாத்துட்டு, காயல, இன்னும் ஒரு நாள் போவட்டும்னு கையால சொன்னேன். அவரும் மோந்து பாத்துட்டுத் தலைய ஆட்டுனாரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வார்த்தை பேச்சு கெடையாது, வேலை நடந்துது.

உன்னையும் பாத்தேன். ராத்திரிக்கு சின்னப் பாத்திரத்துல உலை வெச்சு, ரசம் வெச்சு, பக்கத்து வீட்டு அவரைக்காய பொரியல் பண்ணி, தட்டு நெறைய போட்டுக்கினு நீ சாப்புட்டத பாத்தேன். கடைத்தெருவுல எதிர்ல வர்ற கெழவனுங்க டாக்டர் டாக்டர்னு உன்ன நிறுத்தி மழையப் பத்திப் பேசுனாங்க, நீயும் நின்னு மழையப் பத்திப் பேசுன. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கினே விசில் அடிச்ச. இங்க இருந்த வரைக்கும் நீ விசில் அடிச்சு நான் கேட்டதில்ல. அடிச்சிருந்தா நான் முதுகுல ஒண்ணு குடுத்திருப்பேன்.

இப்ப பக்கத்து வீட்டு மிஸஸ் பென்னி சமாச்சாரம். நீ அத்த சிரிப்பா நெனச்சிக்கினு இருக்கலாம், எனக்கு அது சிரிப்பு இல்ல. அந்தம்மா புருஷன் இல்லாத அம்மா, பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. கொல்லப்பக்கம் அவரைக்கொடி போட்டிருந்தாங்க. கொடிக்குக் கயிறு கட்டுறது சரியில்லன்னு வேலிக்கு இந்தாண்ட நின்னு கைய ஆட்டுனேன், உள்ள கூப்புட்டாங்க. அப்புறம் தெனம் நாலு மணிக்கு நான் கொடிக்குக் கயிறு கட்டுவேன், அவங்க டீயும் ஜாம் தடவுன பன்னும் குடுப்பாங்க. கெளம்பும்போது கைய கூப்பி, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷுல 'ஐ கம்'னு சொல்லிட்டு வருவேன். நாம வேற இன்னா சொல்லுவோம்? ஒரு வீட்டுலேர்ந்து கெளம்பும்போது வரேன்னுதானே சொல்லணும், போறேன்னா சொல்ல முடியும்? அந்தம்மா உடனே கடியாரத்தப் பாப்பாங்க, சரிங்கறதுக்கு 'ரைட்டோ'ம்பாங்க, கெட்டில்ல மறுபடியும் தண்ணி ஊத்தி அடுப்புல வெப்பாங்க. இன்னாடா இது, இப்பத்தானே குடிச்சாங்க, டீ மேல இவ்ளோ ஆசையான்னு நெனச்சிக்கினே நான் வந்துடுவேன்.

பத்து நாள் இப்படியே போச்சு. ஒரு சாயங்காலம் நீ வேலையிலேர்ந்து வர்றப்ப அந்தம்மா வாசல் கேட்டாண்ட உன்ன நிறுத்துனாங்க. உங்க அப்பாவுக்கு உடம்புக்கு இன்னா, தெனம் இதோ வரேன்னு சொல்லிட்டுப் போறாரு, நான் ரெண்டாவது தடவ டீ போட்டு வெச்சிக்கினு இருட்டுற வரைக்கும் உக்காந்திருக்கேன், வர்றதே இல்லையேன்னு கேட்டாங்க. நீ விழுந்து விழுந்து சிரிச்ச. எங்க ஊர்ல போறேன்னு சொல்றது ஆவாது, வரேன்னுதான் சொல்லுவோம், அதுக்கு வரேன்னு அர்த்தம் இல்லன்னு வெளக்குன. அந்தம்மாவும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சிட்டு, சாதாரணமாத்தான் கேட்டாங்க, நீ கெளம்பும்போது உங்க அம்மாகிட்ட இன்னா சொன்ன டாக்டருன்னு. நீ கேட்டோட கொக்கியத் தூக்குன, போட்ட, மறுபடியும் தூக்குன. வரேன்னுதான் சொன்னேன்னு மெதுவா சொன்ன. நான் அவரைக்கொடியாண்ட கயிறும் கையுமா நின்னுக்கினு இருந்தேன். நைனாவுக்கு இங்கிலீஷ் வராதுன்னு நெனச்சிருப்ப. பேசத்தான் வராது, கேக்கற அளவுக்கு வரும்.

அன்னிக்குத் தெரிஞ்சிடுச்சு எனக்கு. நீ வரமாட்ட. உன் வாயால சொல்லல, என் வாயால கேக்கல, மீதி ரெண்டு மாசமும் மழையப் பத்தியே பேசிக்கினு இருந்தோம். நான் கேட்டிருக்கணும். நேரா கேக்கற பழக்கம் எனக்கு எப்பவும் இல்ல, உனக்கு அது நல்லாத் தெரியும், தெரியலன்னா இப்ப தெரிஞ்சிக்க. நீ ஆறாங்கிளாஸ் படிக்கும்போது பள்ளிக்கூடத்துல சீயமங்கலம் கோயிலுக்கு இட்டுக்கினு போனாங்க. பாறையக் கொடஞ்ச கோயிலுன்னு ஒரு வாரமா உனக்கு அதே பேச்சு. எனக்கு பயம். அவ்ளோ தூரம், மாட்டு வண்டி, வழியில ஏரி. பயமா இருக்குதுன்னு சொல்ல வாய் வரல, அப்பனாச்சே! அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, நீ கூட இருக்கணும்னுட்டேன். குத்துக்கல்லாட்டம் இருந்தா அவ. நீ நம்பிக்கினு நாள் பூரா அவ காலப் புடிச்சி விட்டுக்கினு உக்காந்திருந்த. அவளும் என்னக் காட்டிக் குடுக்காம எனக்காக சாயங்காலம் வரைக்கும் படுத்தே கெடந்தா. போன புள்ளைங்க திரும்பி வந்து சிங்கம் செதுக்குன தூணப் பத்திப் பேசுனப்ப உன் மொகத்தப் பாக்க முடியாம நான் மண்டிக்குப் போயிட்டேன். எனக்கு ஒண்ணு சொல்ல முடியலன்னா அம்மாவ எடுத்து முன்னால நிறுத்திப்பேன். இப்ப அம்மாகிட்ட சொல்ல முடியாம நீ என்ன எடுத்து நிறுத்தியிருக்க. அப்பன் புத்தி வேற எங்க போவும்?

கெளம்புற அன்னிக்கு மிஸஸ் பென்னி ஒரு பாட்டில் ஜாம் குடுத்து, திரும்பி வருவீங்களான்னு என்னக் கேட்டாங்க. அவங்கள இன்னொரு தடவ காத்துக்கினு உக்கார வெக்க மனசு வரல. 'நோ. ஐ கோ'ன்னேன். போறேன்னு நான் ஆயுசுல சொன்னது அந்த ஒரு எடத்துலதான். சொல்லும்போது நாக்கு கூசுச்சு. அந்தம்மா என் கையப் புடிச்சு நன்றின்னாங்க. யாரோ ஒரு அம்மாகிட்ட உள்ளத உள்ளபடி சொன்னவன், ஊருக்கு வந்து உங்கம்மாகிட்ட பொய் சொன்னேன். இதான் உனக்குத் தெரியாத காரியம்.

நான் ஊருக்குத் திரும்புன அன்னிக்கு அம்மா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்னா. நான் எறங்குனதும் எனக்குப் பின்னால பஸ்ஸுக்குள்ள எட்டி எட்டிப் பாத்தா. கடைசி ஆளும் எறங்கினப்பறம் என் மொகத்தப் பாத்து, 'எங்க அவன்?'ன்னா. அப்புறம், 'நல்லா இருக்கானா? சாப்புடறானா?'ன்னா. நல்லா இருக்கான்னு வாய் வரைக்கும் வந்துது. நல்லா இருக்கான்னா, அப்ப ஏன் வருவான்? அந்தக் கேள்வி அவ கண்ணுல எழறதுக்குள்ள நான் முந்திக்கினேன். 'இன்னாத்த சாப்புடறான், ராத்திரிக்கு வெறும் ரொட்டி. குளிருல அவஸ்தை. படிப்பு இன்னும் பாக்கி இருக்குதாம், முடிச்சிக்கினு ஓடி வந்துடுவான்'ன்னேன். அவ மொகத்துல ஒரு தெளிவு வந்துது. கஷ்டப்படறான்னா திரும்பி வருவான், இல்லையா? அந்தத் தெளிவுக்கு ஆசைப்பட்டு மேல மேல சொன்னேன். பஜார்லயும் அதே கதைதான். இன்னா சீமை, மனுஷன் இருப்பானா அங்கன்னு நான் சொல்லச் சொல்ல எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. வெயிலு அடிச்ச ஒம்பது மணியப் பத்தி ஒருத்தன்கிட்டயும் நான் வாயத் தெறக்கல. அங்க சந்தோஷமா இருந்தேன்னு சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருந்துது.

அப்புறம் உன் கடுதாசிங்க. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், உன் எழுத்துதான் கோழி கிண்டுன மாதிரி இருக்குது, அவளுக்கு ஏறாது. அதனால நான்தான் படிச்சுக் காட்டுறது. நீ தோட்டத்துல பூ பூத்திருக்குதுன்னு எழுதுவ, நான் பனி கொட்டுதுன்னு படிப்பேன். நண்பருங்க வீட்டு விருந்துக்குப் போனேன்னு எழுதுவ, நான் வேலை முடிஞ்சு வந்து சுருண்டு படுத்துட்டேன்னு படிப்பேன். இப்படி எட்டு மாசம். மண்டிக்கு நீ எழுதுன கடுதாசி வந்தப்ப உன் மேல எனக்குக் கோவம் வந்துதுங்கறத மறைக்கல. ஆனா கோவப்படற யோக்கியதை எனக்கு எங்க இருக்குது?

அமாவாசை அன்னிக்கு சாப்ட்டு முடிச்சு அவ வெத்தலை மடிச்சிக்கினு இருந்தா. உன் கடுதாசிய எடுத்து, நீ எழுதுனத எழுதுனபடியே படிச்சேன். படிச்சு முடிச்சு, என் பொய்யையும் ஒண்ணு விடாம சொன்னேன். அவன் அங்க நல்லா இருக்கான், நானும் நல்லா இருந்தேன், பனி, பட்டினி எல்லாம் நானா சேத்ததுன்னேன். அழுவா, இல்ல திட்டுவான்னு நெனச்சி ரெண்டுத்துக்கும் தயாரா உக்காந்திருந்தேன். அவ வீட்டப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

'அப்ப அவன் சாப்புடறானா?'ன்னா.

'நல்லா சாப்புடறான்.'

'ராத்திரிக்கு?'

'ராத்திரிக்கும் சோறுதான். அவனே ரசம் வெக்கறான்.'

'சத்தியமா?'

'சத்தியமா.'

வெத்தலையக் கீழ வெச்சிட்டா. 'அடப்பாவி மனுஷா!'ன்னா. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து என்ன அவ அப்படிச் சொன்னதில்ல. 'ராத்திரிக்கு வெறும் ரொட்டின்னு பஸ் ஸ்டாண்டுல சொன்னீங்களே, அன்னியிலேர்ந்து நான் ராத்திரி சோறு தொடல. என் புள்ள சோறு இல்லாம படுக்கறப்ப எனக்கு இன்னா சோறு? அவன் வந்து சிங்கவரம் ரங்கநாதரு கோயில் படி ஏறுற அன்னிக்குத்தான் ராத்திரி சோறு திம்பேன்னு வேண்டிக்கினேன்'ன்னா.

எட்டு மாசம்டா. நான் மண்டியப் பூட்டிக்கினு வந்தா என் தட்டு தயாரா இருக்கும். நீ சாப்டியான்னு கேப்பேன், அப்பவே ஆச்சுன்னு சொல்லிக்கினே சாதம் போடுவா. வளையலு முழங்கைக்கு ஏறிக்கினு இருந்துது, அத்தயும் பாத்தேன். ரேஷன் அரிசி நாத்தம் அவளுக்கு ஒத்துக்கல போலன்னு நெனச்சி, பக்கத்து ஊரு அனந்தபுரத்துல சொல்லி நல்ல அரிசி வாங்கியாந்து போட்டேன். அந்த அரிசியையும் எனக்கேதான் வடிச்சுக் கொட்டியிருக்கா. எனக்கு அழுகை வந்துடுச்சு. அவ எதிர்லயே அழுதேன். அவ அழல.

'அதான் அவன் சாப்புடறான்னு தெரிஞ்சிடுச்சே, இன்னிக்கே நீயும் சாப்புடு'ன்னேன். 'பொய் சொன்னது நீங்க, வேண்டிக்கினது நான். சாமிகிட்ட சொன்னத மாத்த முடியாது'ன்னுட்டா. 'அவன்தான் வரப்போறதில்லன்னு எழுதிட்டானே, ஆயுசு பூராவும் பட்டினி கெடக்கப் போறியா?'ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ கீழ வெச்ச வெத்தலைய எடுத்தா, நரம்பு கிள்ளுனா, சுண்ணாம்பு தடவுனா, மெதுவா மடிச்சா. வாயில போட்டுக்கறதுக்கு முன்னால சொன்னா: 'அவன் வந்து படி ஏறணும்னுதான் வேண்டிக்கினேன். இங்கியே இருக்கணும்னு வேண்டிக்கலையே.'

அவ வேண்டிக்கினது மொதல்லேர்ந்தே அப்படித்தானா, இல்ல அந்த வெத்தலை மடிக்கிற நேரத்துல அப்படி ஆக்கிக்கினாளான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல. நீயும் கேக்காத.

அதனால வீட்ட வாங்கு. வாங்கறதுக்கு முன்னால மழை எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதுன்னு பாரு, பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னு அதுக்கும் முன்னால பாரு. நல்லா இருக்கேன்னா நல்லா இருக்கேன்னு எழுது, அதுக்கு வெக்கப்படாத, நான் வெக்கப்பட்டு ஆனது போதும். பத்து நாள் லீவு கெடச்சாலும் போதும், ஒரு தடவ வா. படி ஏறு, எறங்கு, ராத்திரி அம்மாவுக்கு உன் கையால சோறு போடு, திரும்பிப் போ. உன்ன யாரும் தடுக்க மாட்டோம். எந்தத் தேதின்னு எனக்கு எழுதாத, அவளுக்கு எழுது. டாக்டரு கிறுக்கலு வேணாம், ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகம் மாதிரி பெரிய பெரிய எழுத்தா எழுது. இனிமே நான் படிச்சுக் காட்டப் போறதில்ல.

அமாவாசைக்கு அப்புறம் மண்டிய ஏழு மணிக்கே பூட்டிக்கினு வந்துடறேன். எனக்குத் தட்டு வெச்சிட்டு, அவ எதிர்ல உக்காந்து ஒரு டம்ளர் மோர் குடிக்கிறா. வேண்டுதல் அது இதுன்னு எனக்கு ஒண்ணும் கெடையாது, உனக்கே தெரியும். சோறு எறங்கல, அவ்ளோதான். ஒம்பது நாளா நானும் மோர்தான் குடிக்கிறேன். லீவு சீக்கிரம் கேளு.

நைனா